புதன்கிழமை மட்டும்

ஈரி ஏரி கரைவரை உறைந்து கிடந்த வாரத்தில்
எங்கள் ஷிப்டை மூடினார்கள்.
நாற்பத்தோரு பேர்.
ஷாம்பு புட்டிக்கு மூடி வார்த்துக்கொண்டிருந்தோம்.
கடைசிப் பெட்டியை ஒட்டியவள் நான்.
டேப் பாதியில் தீர்ந்தது;
அதையும் ஸ்டோர் நோட்டில் எழுதி வைத்தேன்,
யாரோ வாங்கி வைப்பார்கள் என்பதுபோல.

இப்போது ஞாயிறுதோறும்
மாநில அரசு என்னைக் கேட்கிறது
கணினித் திரையில்:
சென்ற வாரம் முழுவதும்
வேலை செய்ய உங்களால் முடிந்ததா?
ஆம். இல்லை.
இரண்டு வட்டங்கள்.
நடுவில் ஓர் எழுத்துக்குக்கூட இடமில்லை.

மூன்றாம் ஞாயிறு 'இல்லை'யை அழுத்தினேன்.
புதன்கிழமை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள்.
பஞ்சைக் கடித்துக்கொண்டு
இருட்டும்வரை படுத்துக் கிடந்தேன்.
புதன்கிழமை மட்டும்.
ஏன் என்று கேட்பார்கள், சொல்லலாம் என்றிருந்தேன்.
கேட்கவில்லை.
பணம் நின்றது,
அந்த வாரத்துக்கு
அடுத்த வாரத்துக்கு
அதற்கும் அடுத்ததற்கு.

"ஆமென்று அழுத்தித் தொலைக்க வேண்டியதுதானே, ரோஸலின்ட்?
பல்லைப் பிடித்தா பார்க்கப் போகிறார்கள்?"
பக்கத்து இயந்திரத்தில் நின்ற மார்வா சிரித்தாள்.
அவளுக்கு வருகிறது.
அவள்மேல் கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

தொலைபேசி எண் ஒன்று தந்திருக்கிறார்கள்.
காலை எட்டுக்குத் திறக்கும்.
எட்டு அடித்து நாற்பதாம் நொடியில்
வரிசை நிரம்பிவிட்டது என்று ஒரு பெண்குரல்
அத்தனை கனிவாகச் சொல்லிவிட்டுக்
கதவைச் சாத்தும்.
ஒரு செவ்வாய்க்கிழமை எண்ணினேன், நூற்றுப் பன்னிரண்டு முறை.
சூட்டு மூடியை விரல் சுடாமல் எடுக்கக்
கற்றுக்கொண்ட மாதிரியே
கட்டைவிரல் அந்த எண்ணைக் கற்றுக்கொண்டது.

ஒருமுறை உள்ளே போய்விட்டேன்.
ஐம்பத்தாறு நிமிடம் பியானோ.
பிறகு ஒரு மனிதன்,
உண்மையிலேயே மனிதன், இருமினான்.
பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னான்.
ஸவாட்ஸ்கி. இஸட், ஏ, டபிள்யூ...
ப்ரீபெய்டு நிமிடங்கள் தீர்ந்துபோயின.

பனி அள்ளும் இயந்திரத்தை
எதிர்வீட்டு ஆரினுக்கு விற்றேன், நூற்றிருபது டாலர்.
மறுநாள் விடியுமுன்பே அதைத் தள்ளிக்கொண்டு வந்து
என் வாசலைச் சுத்தம் செய்தான்.
ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன்.
கையசைக்க முடியவில்லை.

மேல்முறையீட்டு விசாரணையும் தொலைபேசியில்தான்.
சமையலறை மேசைமேல்
பல் டாக்டர் ரசீது,
ஒரு சின்ன உறையில் பல்.
யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரியும்.
நடுவர் ஹாலோரன் சத்தியம் செய்யச் சொன்னார்:
உண்மையை மட்டும், முழு உண்மையை.
அதைத்தானே அம்மா அந்த ஞாயிறு செய்தேன்
என்று வாய்வரை வந்தது.
"செய்கிறேன்" என்றேன்.

"அந்தப் புதன்கிழமை யாராவது வேலை கொடுத்திருந்தால்
போயிருப்பீர்களா?"

உடனே சொல்ல வரவில்லை.
காய்ச்சலோடு நின்ற இரட்டை ஷிப்டுகள்,
கொப்பளத்துக்கு மேல் கையுறை.
இருபத்திரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்,
முடியுமா என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை.
முதல்முறையாக ஒருவர் கேட்கிறார்,
அதுவும் வேலை போன பிறகு.

"போயிருப்பேன்" என்றேன். "பஞ்சோடு."

அந்தப் பக்கம் விசைகள் தட்டும் ஓசை.
நீளமான வாக்கியம்.
என்ன எழுதினாரோ.
பதினான்கு நாளில் தபாலில் வருமாம்.

இன்று ஞாயிறு.
வியாழக்கிழமை பனியில் வழுக்கியதில்
இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது;
கெட்டிலைத் தூக்க முடியவில்லை.
திரையில் அதே கேள்வி, அதே இரண்டு வட்டங்கள்.

வலது கையால் 'ஆம்' என்று அழுத்தினேன்.

நாக்கு தானாக
பல் இருந்த குழியைத் தேடிப் போனது.