ஐந்து மணி மோட்டார்

கண்ணாடிச் சில்லில் இருப்பது வீபேயின் சிறுகுடல்,
அரிசிமணியில் பாதி.
என்னிடம் வரும்போது பெயர் இருக்காது,
எண் மட்டும்: முப்பத்தொன்று.
பெயரைச் சொன்னது அவன் அப்பா சீப்ரன்.
ஆஸ்பத்திரியில் வழி தப்பி லேப் வாசலுக்கு வந்தவர்,
கேட்காமலே சொன்னார்,
ரப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே.

லேவார்டன் பக்கம் எண்பது மாடு.
எண்பது மாட்டுக்காரன் பிள்ளைக்குப்
பால் ஆகாது.
இதைச் சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள் என்றார்,
சிரிக்காமல்.

இரண்டு வயதில் ஒரு கரண்டித் தயிர்.
உதடு தடித்து, மூச்சு இழுத்து,
மேய்ச்சலில் ஹெலிகாப்டர் இறங்கியது.
அதற்கப்புறம் ஏழு வருஷம்
ஒரு சொட்டு தொட்டதில்லை.
ஆனாலும் காலை ஐந்துக்குக்
கறவை மோட்டார் ஓடத் தொடங்கினால்
முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டுகொள்கிறான்.
வயிறு கல்லாகிறது. பிறகு பேதி.
பால் எங்கே? பால் இல்லை.
சத்தம்தான்.

நடிப்பு என்றாள் பள்ளி நர்ஸ்.
பயம் என்றார் ஒரு டாக்டர்,
பயம் என்றால் ஒன்றுமில்லை என்று பொருள் போல.
நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை.
அவர் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

க்ரோனிங்கனில் ஜனவரி இரவு.
உறைந்த கால்வாய்மேல் யாரோ வீசிய சைக்கிள்.
நரம்புக்குப் பச்சைச் சாயம்,
மாஸ்ட் செல்லுக்குச் சிவப்பு.
விளக்கை அணைத்து லேசரை விட்டேன்.

முதலில் பச்சை.
ஓரிரு இழை இருக்கும் என்று நினைத்தேன்.
புல்லைப் பிடுங்கினால் மண்ணையும் இழுத்துக்கொண்டு வருமே,
அப்படி ஒரு வேர்க்கூட்டம்.
அப்புறம் சிவப்பு.
அது சிதறிக் கிடக்கவில்லை.
பக்கத்து அறைச் சண்டைக்குச்
சுவரில் காது வைத்த பிள்ளைகள் போல
பச்சையை ஒட்டி ஒட்டி நின்றது.

சில செல்களில் குருணை நிரம்பியிருந்தது.
சிலது கொட்டித் தீர்த்த வெறும் பை.
நரம்பு ஒரு வார்த்தை விடுகிறது; செல் கொட்டுகிறது.
கொட்டியது நரம்பைச் சுடுகிறது;
சுட்ட நரம்பு மறுபடி வாய் திறக்கிறது.
முதலில் ஆரம்பித்தது யார் என்று கேட்காதீர்கள்.
என் வீட்டுச் சண்டைகளிலேயே
நான் அதைக் கண்டுபிடித்ததில்லை.

வயிறு கலங்கியது என்று பேச்சுக்குச் சொல்வோம்.
இங்கே கலக்குகிறவன்
கையும் குருணையுமாகப் பிடிபட்டிருக்கிறான்.

பாலும் அவனும் ஒவ்வாது என்கிறது தாள்.
ஒவ்வாதது ஒரு தடவை உயிர்வரை வந்து போனால்
வந்த வழியெல்லாம் ஒவ்வாததாகிவிடுகிறது:
கொட்டகை விளக்கு, வாளியின் கைப்பிடி,
இருட்டில் மோட்டாரின் முதல் இருமல்.
காவல் நிற்கும் குடலுக்கு
திருடனும் தெருமுனையும் ஒன்று.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார்.
இந்தத் தடவை வழி தப்பவில்லை.
திரையில் காட்டினேன்.
“ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு?”
தலைமுடியின் தடிப்பை ஐம்பதாய்ப் பிளந்தால் ஒரு பங்கு.
சில இடத்தில் அதுவும் இல்லை.
விரலால் திரையைத் தொட்டார்.
தொடக் கூடாது. நான் சொல்லவில்லை.

“அஞ்சு மணிக்கு மடி கனத்துக் கத்தும்,” என்றார்,
“எண்பதும்.”
நான் நிறுத்தச் சொல்லவில்லை.
என் வேலை சாயம் போடுவது.
கட்டிலை மறுகோடிக்கு மாற்றியிருக்கிறார்கள்.
காதில் பஞ்சு. தரை வழியாக வருகிறதாம்.

ஒரு பிரதி கேட்டார்.
கொடுக்க விதியில்லை. கொடுத்தேன்.
நான்காய் மடித்து ஓவரால் பையில் வைத்தார்.
“நர்ஸிடம் காட்டவா?”
“இல்லை,” என்றார். “அவன்கிட்ட.”
கொஞ்சம் நின்றுவிட்டு,
“முதல்ல நான் சொன்னதை வாபஸ் வாங்கணும்.”

மறுநாள் ஐந்துக்கு விழித்துவிட்டேன்.
எங்கள் தெருவில் மாடு கிடையாது.
இருட்டில் படுத்தபடி
வயிற்றின்மேல் கையை வைத்து
எதையோ கேட்டுக்கொண்டிருந்தேன்.