விளிம்பில் ஐந்து ரூபாய்

ஜே.சி. ரோட்டில் மூன்று ரம்பம் பார்த்தேன்.

முதலாவது மலிவு.
அதன் பிளேடுக்கு இரு முனையிலும் ஆணி.
ஆணி நுழைய எழுத்தின் வயிற்றில்
பட்டாணி அளவு துளை போட வேண்டும்.
'அ' தாங்கும். 'ழ' செத்துவிடும்.

இரண்டாவது வார்ப்பிரும்பு.
தொட்டால் அது குளிர்ந்தது,
விலை கேட்டதும் நான்.

மூன்றாவது யாரோ வாங்கித் திருப்பிக் கொடுத்தது.
பக்கவாட்டில் கீறல், விளக்கு எரியாது.
கடைக்காரர் இம்தியாஸ் ஒன்றும் சொல்லாமல்
அதன் மேடையில் ஓர் ஐந்து ரூபாயை
விளிம்பில் நிமிர்த்தி வைத்து சுவிட்சைப் போட்டார்.
நாணயம் நின்றது.
நான் விழுந்தேன்.

லிங்கராஜபுரம், இரண்டாம் மாடி.
பால்கனியில், துணிக்கொடிக்கு அடியில் குடிவைத்தேன்.
முதல் வாரம் வெறும் 'ட'.
ட-வைப்போல் நல்ல எழுத்து கிடையாது.
ஓர் இறக்கம், ஒரு திருப்பம், முடிந்தது.
பிறகு 'ப'. பிறகு பேராசை.

பிளேடு எங்கும் போவதில்லை.
நின்ற இடத்திலேயே குதிக்கிறது.
மரம்தான் போய்த் தன்னைக் கொடுக்க வேண்டும்.
அவசரப்பட்டுத் தள்ளினால்
நகம் வெட்டும் சத்தத்தோடு முறியும்.
பன்னிரண்டு முறை கேட்டிருக்கிறேன்.

சுழி உள்ள எழுத்தென்றால்
நடுவில் துளையிட்டு, பிளேடின் ஒரு முனையைக் கழற்றி,
துளைவழி கோத்து, மறுபடி பூட்டி,
தந்தியைப்போல் சுண்டிப் பார்க்க வேண்டும்.
தொண்டை கட்டியிருந்தால் இன்னும் முறுக்கு.
'தாழை'க்கு, என் கையெழுத்தில், நான்கு தடவை.
நான்காவது சுழி உதிர்ந்தபோது மணி பதினொன்று.
கதவு தட்டப்பட்டது.

கீழ்வீட்டு ஜலஜாக்ஷி. பஸ் கண்டக்டர்.
காலை நாலரைக்கு டூட்டி.
"நீங்க மெஷின் போட்டா
என் டம்ளர் எல்லாம் பேசுது."
நாணயக் கதையை நற்சான்றிதழ்போல் நீட்டினேன்.
அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் மாலை, டூட்டிப் பையைக் கழற்றாமலே வந்து
அதிலிருந்து ஓர் ஐந்து ரூபாய் எடுத்தார்.
"மேல நிக்கும். கீழ நிக்குதா பாப்போம்."

நான் மேலே.
அவர் கீழே, தட்டு அலமாரி முன், காதில் போன்.
போட்டேன்.
"பித்து" என்றார்.
விழுந்தது என்பதற்குக் கன்னடம்.
எனக்கு வந்திருப்பதற்குத் தமிழ்.

பழைய செருப்பை வெட்டி அடியில் வைத்தேன். பித்து.
யோகா பாயை நாலாய் மடித்தேன். பித்து.
சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். பித்து.
சைக்கிள் டியூப், அதன்மேல் கடப்பைக்கல்,
அதன்மேல் கயிற்று மிதியடி.
போனில் சத்தமே இல்லை. வேகத்தைக் கூட்டினேன்.
"இதெ... இதெ..."
இருக்கிறது, இன்னும் இருக்கிறது.
பிறகு ஒரு "பித்து".
பூனை தட்டிவிட்டதாம்.

எப்படியும் ஒன்பது மணிக்குமேல் கூடாது என்று முடிவானது.

மேலே வந்தவர் ழகரத்தின் துளையில்
சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.
"இது எங்ககிட்டயும் ஒரு காலத்துல இருந்துச்சாம்.
ஸ்கூல்ல சொன்னாங்க. விட்டுட்டோம்."
ஏன் என்று கேட்டேன்.
"அறுக்கக் கஷ்டம்னு விட்டிருப்பாங்க."
இப்போது சிரித்தார்.

மிச்சப் பலகையில் பென்சிலால் தன் பெயரை எழுதினார்.
கன்னடத்தில். ஒரு நேர்கோடுகூட இல்லை.
மஞ்சள் தேய்த்த நூலை
யாரோ அப்படியே போட்டுவிட்டுப் போனதுபோல.
என் ஐந்தாம் எண் பிளேடு அந்த வளைவுகளில் திரும்பாது.
ஒன்றாம் எண் வேண்டும், மயிரிழை.
பொறுமை அதைவிட மெல்லியதாக.

இன்று மறுபடி ஜே.சி. ரோடு.
ஏறியது தற்செயலாக அவர் வண்டியில்.
சில்லறை இல்லை.
டிக்கெட்டின் பின்னால்
தரவேண்டிய ஐந்தை எழுதி
வட்டமிட்டுக் கொடுத்துவிட்டு முன்னால் போனார்.

ஐந்து, அதைச் சுற்றி வட்டம்.
டவுன்ஹால் வரும்வரை
துளையை எங்கே போடுவது என்று
பார்த்துக்கொண்டே இருந்தேன்.