கதவு வேடம்

புந்தா அரேனாஸில் சனிக்கிழமை.
வெளியே காற்று ஆளைத் தள்ளுகிறது.
நூலகத்தின் பின்னறையில்
யாஸ்னா வேடம் பங்கிடுகிறாள்:
மூன்று பேர் ஆடு. ஒருத்தி மழை.
அக்காவின் காலுறையை வாலாகச் செருகி
கசிமிரோ அதற்குள் ஊளையிட்டாயிற்று.

மூன்று வாரமாய் வாய் திறக்காத எலுனேய்க்குக்
கதவு.
"கிரீச் என்றால் போதும்."

ஓநாய் தட்டுகிறது.
கதவு கிரீச்சிடவில்லை.
மறுபடி தட்டுகிறது.
ஆடுகளுக்குச் சிரிப்பு முட்டுகிறது,
மழை நின்று வேடிக்கை பார்க்கிறது,
புரட்டவேண்டிய பக்கத்தில் விரலை வைத்தபடி
யாஸ்னா.

"யாரது?"
என்றது கதவு.

புத்தகத்தில் இல்லாத கேள்வி.
ஓநாய்க்கு வேடம் மறந்துவிட்டது.
"நான்... கசிமிரோ."

"அப்படியானால்
வாலை வெளியே வைத்துவிட்டு
வா."