ஐம்பத்தொன்று

எங்கள் கடைசி பெஞ்சுக்கு ஒரே சட்டம்:
ஐம்பத்தொன்று.
அதுதான் பாஸ். அதற்கு மேல் ஒரு மார்க் வாங்கினாலும்
நாலு பேருக்கும் சல்தேன்யா வாங்கித் தர வேண்டும்.

போட்டவன் லிம்பெர்ட்.
போன வருஷம் வேதியியல் தாளில்
ஐந்தாம் கேள்வியைச் சரியாக எழுதி
நானே குறுக்கே கோடு இழுத்தேன்.
காசில்லாமல் அல்ல.
பெஞ்சில் எனக்கிருந்த அரை அடி இடத்துக்காக.

ஆகஸ்டில் லிம்பெர்ட் வரவில்லை.
அப்பாவுக்கு முதுகு போய்விட்டது.
மாமாவின் மினிபஸ் கதவில் தொங்கிக்கொண்டு
"சேஹா, சேஹா, சேஹா" என்று கூவுகிறான்.
எல் ஆல்ட்டோவின் காற்று பாதியைத் தின்றுவிடும்,
மீதி எங்கள் வகுப்பு ஜன்னல் வரை வரும்.

முதல் நாள் மாலை ஏறினேன்.
காசை நீட்டியதும் என் விரல்களை மடக்கிவிட்டான்.
"இன்னைக்கு என்ன நடத்தினாங்க?"
நான் நாள் முழுக்கப் பார்த்தது
அவன் உட்காராத இடத்தை.
அதைப் போய் அவனிடமே சொல்ல முடியுமா?
"ஒண்ணும் நடத்தல."
"ஆறு மணி நேரமாவா?"

மறுநாள் கவனித்தேன்.
படிப்பின் மேல் ஆசையா, அதெல்லாம் இல்லை.
சாயங்காலம் ஒருவன் கேட்பான்,
வெறுங்கையோடு போகக் கூடாது.

ரியோ செக்கோவுக்கு இருபது நிமிஷம்.
ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் எழுதுவேன்:
நாலு இரும்பு, மூன்று ஆக்சிஜன்.
துருவேறிய கதவைத் தட்டி
"இதுவா?" என்பான்.
"அதேதான்."
"அப்போ வண்டி முழுக்க விடைதான்."
இறங்குபவர்களிடம் சில்லறை வாங்குவான்,
உருளைக்கிழங்கு மூட்டையோடு ஏறும் பெண்ணுக்குக் கை கொடுப்பான்,
திரும்பி வந்து
விட்ட சொல்லிலிருந்தே கேட்பான்.

ஒரு கேள்விக்கு எனக்கு பதில் தெரியவில்லை.
மறுநாள் வகுப்பில் கை தூக்கினேன்.
கிஸ்பெ டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பெஞ்சுக்கு அடியில் குரோவர்
என் காலை மிதித்தான், அழுத்தி.

நவம்பரில் தாள் வந்தது.
எழுபத்தெட்டு.
எட்டாக மடித்து ஷூவுக்குள் வைத்தேன்,
ஒவ்வொரு அடிக்கும் உறுத்தியது.

எப்படியோ தெரிந்திருக்கிறது அவனுக்கு.
அன்று கண்ணாடியில் நான் எழுதவில்லை,
அவனும் கேட்கவில்லை.
கடைசி நிறுத்தத்தில் உள்ளங்கையை நீட்டினான்.
முதல் தடவையாக, என்னிடம்.
கொடுத்தேன். எண்ணிப் பார்த்தான்.
"சல்தேன்யா தனி," என்றான்.
சிரித்தானா என்று பார்ப்பதற்குள்
வண்டி திரும்பிவிட்டது,
சேஹா, சேஹா,
மூன்றாவதைக் காற்று எடுத்துக்கொண்டது.