பதினேழாவது வெட்டு

இரவு ரெண்டேகாலுக்கு
நெடுந்தீவு ஆளொருவரின் மண்டை
என் திரையில் வந்து இறங்கியது.
எமிலியானுஸ், நாற்பத்தொன்று.
குறிகட்டுவான் இறங்குதுறையில்
பாசி வழுக்கி விழுந்தவர்.
'இரத்தக் கசிவு உண்டோ?'
படிவத்தில் அது மட்டும்தான் கேள்வி.

கசிவு இல்லை.
இல்லை என்று எழுதப்போன விரல் நின்றது.

பதினேழாவது வெட்டில்
நீரறைகள் இரண்டும் ஒன்றையொன்று பாராமல்
சமாந்தரமாய்ப் போகின்றன,
கொடிகாமத்துத் தண்டவாளம் மாதிரி.
பின்முனைகள் மட்டும் துளியாய் ஊதியிருக்கு.
மூன்றாம் அறை தன் இடம் விட்டு மேலேறி
ஆளில்லா வீட்டு மாடியில் ஏறி இருப்பவன்போல்
நடுவில் இருக்கிறது.

பாலம் இல்லை.
பிறக்கும்போதே இல்லை.

உள்ளதைக் காண்பது லேசு.
வெள்ளையாய்க் கிடக்கும் இரத்தம் தானே கூப்பிடும்.
இல்லாதது கூப்பிடாது.

பயிற்சியின் இரண்டாம் வருசம்
குறைமாதப் பிள்ளையொன்றின் படத்தில்
'வயதுக்கு இயல்பு' என்று ஒப்பம் வைத்தவள் நான்.
உரித்த நுங்குபோல் வழவழத்த மூளை.
மடிப்பு இனித்தான் விழும் என்று நினைத்தேன்.
விழவில்லை.
தாயின் பெயர் சுகிர்தமலர்.
படத்தின் இலக்கம் இன்னும் பாடம்.

எமிலியானுஸின் படத்தை
முகத்துக்கு நேரே நிமிர்த்தி வெட்டினேன்.
பனிநாட்டு மானின் தலை என்று
பாடநூல் சொல்லும் உருவம்.
அந்த மானை நான் கண்டதில்லை.
எனக்கு இது
கொம்பு சீவாத வடக்கன் மாடு.

காலையில் வார்டுக்குப் போனேன்.
நெற்றித் தையலோடு
தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார்.
"சின்ன வயசில ஏதும்..."
"நாலு வயசிலதான் நடந்தனானாம். அதுக்கென்ன?"
மூளையின் இரண்டு பக்கத்தையும்
ஒரு பாலம் இணைக்கும் என்றேன்,
உங்களுக்கு அது இல்லை என்றேன்.
ஒரு மிடறு குடித்தார்.
"நெடுந்தீவுக்கும்தான் இல்லை, டொக்டர்.
காத்துச் சரியெண்டால் வள்ளம் ஓடும்."

காத்துப் பிழைச்சால்?
கேட்கவில்லை. அவருக்குத் தெரியாததா.

அறிக்கையில் எழுதினேன்: கசிவு இல்லை.
கீழே, வேறு வரியில்,
மற்ற இல்லை.

பிறகு தேடற்பெட்டியில்
அந்தப் பழைய இலக்கத்தை அடித்தேன்.
கடைசி எண்ணை மட்டும்
இன்னும் அழுத்தவில்லை.