கண்ணில் படக் கூடாது

தண்ணீருக்குள் நடக்கச் சொன்னார் எலும்பு டாக்டர்,
தினம் முக்கால் மணி நேரம்.
இவருடைய வலது முழங்காலில்
இப்போது இருப்பது மதுரையில் வைத்த உலோகம்.

பள்ளத்தூர் வீட்டில் எங்களுக்குப் பதினொன்றில் ஒரு பங்கு.
மீதிப் பத்துப் பங்கும்
கோலாலம்பூர், கோவை, அடையாறு என்று
இருந்த இடத்தில் இருந்தபடியே
போனில் கூடிச் சம்மதித்தார்கள்:
இரண்டாங்கட்டுக்கு வெளியே, கிணற்றுக்கு அந்தப் பக்கம்,
பதினாறடிக்கு எட்டடி, நெஞ்சளவு ஆழம்.
நிபந்தனை ஒன்றே ஒன்று,
சாத்தப்பக் கொழுந்தனாருடையது:
"புதுசா எதுவும் கண்ணுல படக் கூடாது."

நீலத் தண்ணீர் கண்ணில் படலாமாம்.
அதை நீலமாக வைத்திருப்பதுதான் படக் கூடாதாம்.

அடைக்கலம் டெம்போவிலிருந்து இறக்கினான்:
ஒன்றரைக் குதிரைச் சக்தி மோட்டார்,
படைப்பு அண்டா பெரிசுக்கு ஒரு மணல் ஃபில்டர்,
குளோரின் வாளி இரண்டு,
எங்கே கிளம்பி எங்கே போகிறதென்று தெரியாத
வெள்ளைக் குழாய்கள்.
கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துவிட்ட
மாப்பிள்ளை வீட்டார் மாதிரி
நடு இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டன.

முதலில் அரளி வைத்தேன்.
மறைக்கும் உயரம் வருவதற்குள்
உதிர்ந்த பூவெல்லாம் வடிகட்டியின் தொண்டையில்.
அடுத்தது மூங்கில் தட்டி.
ஆடிக் காற்று அதைப் பிய்த்துப்போய்
மூன்றாம் வீட்டு மதிலில் மாட்டிவிட்டது.
செங்கல் வைத்து அறையாகக் கட்டிவிடு என்றேன்.
"மூச்சு முட்டும், ஆச்சி."
"எனக்கா?"
"மோட்டாருக்கு."

கடைசியில் காரைக்குடி, முனீஸ்வரன் கோவில் தெரு.
பிரித்த வீடுகளின் கதவுகள்
வரிசையாகச் சாய்ந்து கிடந்தன,
கழுத்தில் சாக்பீஸ் விலையோடு.
ஒன்றை எடுத்தேன். பர்மாத் தேக்கு.
மேலே இரண்டு அன்னம், ஒன்றுக்கு அலகில்லை.
நடுவில் அழி வைத்தது, காற்றுப் போகும்.
மோட்டார் விலையைப்போல் இரண்டரை மடங்கு.
இவரிடம் பாதி சொன்னேன்.
ஒன்றை மறைக்கப் போனால்
இரண்டாவதையும் மறைக்க வேண்டியிருக்கிறது.

சத்தத்துக்குத்தான் கதவில்லை.
கதை கேட்கிற பிள்ளை போல
நான் அடுக்களையில் தனியாகப் பேசுவதற்கெல்லாம்
அந்தப் பக்கமிருந்து
உம் கொட்டிக்கொண்டே இருந்தது.

மாசியில் படைப்பு. பதினொரு பங்கும் வந்தது.
இலையை எடுக்குமுன்பே
கொழுந்தனார் ஈரக்கையோடு பின்பக்கம் போனார்.
குளத்தைப் பார்க்கவில்லை.
கதவைப் பார்த்தார். அன்னத்தைத் தடவினார்.
வளவுக்குள் திரும்பி வந்து
அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்:
"மேவீட்டு ரெண்டாம் அறைக் கதவை
எப்பக் கழட்டுனிய?"

பந்தியில் அப்பளம் நொறுங்குவது நின்றது.

மேலே போய் எண்ணிப் பார்க்கலாம்.
அந்த அறைச் சாவி ஆறாம் பங்கிடம்.
ஆறாம் பங்கு மட்டும்தான், வந்த இடத்தில்,
சாவியைப் பினாங்கிலேயே வைத்துவிட்டு வந்தது.
இன்னொரு வழி ரசீது.
துவரம்பருப்பு டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்து வந்தேன்.

கொழுந்தனார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தார்.
உரக்க. வரியோடு சேர்த்து. ஏற்றுக்கூலி தனியாக.

இவர் எழுந்தார்.
கைத்தடியைத் தொடவில்லை.
வளவு, இரண்டாங்கட்டு, மூன்று படி,
கிணற்றைச் சுற்றி அந்தப் பக்கம்,
யாரும் பிடிக்காமல் நடந்துபோய்
அந்தக் கதவின் முன்னால் நின்றார்.
"அலகு கூட இல்லை," என்றார்.

எல்லாரும் காலைப் பார்த்தோம்.
அவர் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கதவுக்குப் பின்னாலிருந்து, உம்.

இப்போது கதவு திறந்தேதான் கிடக்கிறது.
சித்திரையில் மோட்டார் கொதிக்கிறதாம், அடைக்கலம் சொன்னான்.
கொழுந்தனார் ஞாயிறுதோறும் அங்கிருந்து கூப்பிட்டு
மீட்டர் முள் எத்தனையில் நிற்கிறதென்று கேட்கிறார்.
கரண்டு பில்லைப் பதினொன்றாகப் பிரிப்பதா என்பது
இன்னும் முடிவாகவில்லை.