ராத்தல் கணக்கு

பகலில் ஜேம்ஸ்டவுன் மீன்சந்தையில்
தராசுகளுக்கு முத்திரை குத்துவது என் வேலை.
தட்டின் அடியில் மெழுகால் ஒட்டிய ஈயத்தை
விரல் நுனியே சொல்லிவிடும்.
அதனால்தான் அக்ரா குத்துச்சண்டை வாரியம்
மனிதர்களை நிறுக்கவும் என்னையே கூப்பிட்டது.

ஒடார்டே லார்பி முதலில் ஏறியபோது வயது பத்தொன்பது.
புகோம் சந்துக்காரன்.
ஈ எடைப் பிரிவு, நூற்றுப்பன்னிரண்டு ராத்தல்.
கால் ராத்தல் கூடுதல்.
மூன்று நாள் தண்ணீர் காணாத உதடு வெடித்திருந்தது,
பேச்சு மட்டும் வற்றவில்லை.
"அந்தக் கால் ராத்தல் என் நாக்கு.
அதற்குத் தனிப் பிரிவு போடு" என்றான்.
கால்சட்டையைக் கழற்றி என் தலைமேல் எறிந்தான்.
முள் நடுவில் நின்றது.

மறுநாள் ராத்திரி, நாலாம் சுற்று.
எதிராளி விழுமுன்பே
கயிற்றில் ஏறிக் கூட்டத்துக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தான்.
விழாமல் இருந்திருந்தால்? பிறகு கேட்டேன்.
"மரியாதை தெரியாதவன் என்று பேர் வாங்கியிருப்பான்."

அடுத்தது சேவல் எடை.
உயிருள்ள சேவலொன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தான்,
செம்பழுப்பு, ஒற்றைக் கண்.
லாகோஸ் பட்டக்காரர் அகின்லாபியின் மடியில் எறிந்தான்:
"முதலில் இதோடு மோது. ஜெயித்தால் என்னிடம் வா."
அகின்லாபி சேவலைத் தடவிக்கொடுத்தார்.
சிரிக்கவில்லை.
பதினைந்து சுற்றும் அவனை அடித்தார்,
நடுவர்கள் கணக்கு வேறாக இருந்தது.
சேவலை யாரும் திரும்பக் கேட்கவில்லை.
என் மனைவி ஷோர்மே கொல்லையில் கட்டிப்போட்டாள்.

இறகு எடைக்கு வந்தபோது
தராசில் நின்றபடியே கேட்டான்:
"ஈயைவிடச் சேவல் கனம், ஒப்புக்கொள்கிறேன்.
சேவலைவிட இறகு கனமென்று
எந்த மடையன் கண்டுபிடித்தான்?"
வாரியத்துப் பெரியவர்கள் வயிறு குலுங்கினார்கள்.
"என் இறகென்றால் இருக்கும்."
பதிலும் அவனே.
எதிரில் ஒரு குமாசிப் பையன்.
ஐம்பது விநாடி.
தூக்கிக்கொண்டு போனபோது ஒரு காலில் செருப்பில்லை.
நூற்றிருபத்தைந்தே முக்கால் என்று என் கையால் எழுதினேன்;
பேர்தான் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

பிறகு இலகு எடை.
வாரம் முழுக்க வானொலியில் அவன்தான்:
"கணக்காய் நூற்றுமுப்பத்தைந்து நிற்பேன்.
மயிரிழை குறைந்தால்
மூன்று பெல்ட்டையும் கடலில் போடுகிறேன்."
அதே வாரம் மலேரியா உருக்கி எடுத்ததை
வானொலியில் சொல்லவில்லை.

ஏறினான். கணக்காய் நின்றது முள்.
இடுப்புத் துண்டைச் சரிசெய்வதுபோல் தொட்டேன்.
மடிப்பு நெடுக, வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகள்.
அன்றுதான் முதன்முறையாக என்னைப் பார்த்தான்.
வாய் திறக்கவில்லை.

அன்று காலைதான் சாளை விற்கும் டேடேயிடம்
இதே குற்றத்துக்குத் தட்டைப் பறித்திருந்தேன்.
மண்ணை வாரித் தூற்றினாள் என் வம்சத்தை.

"நூற்றுமுப்பத்தைந்து" என்று உரக்கச் சொன்னேன்.
கூரை பிய்ந்தது.

பதினோராம் சுற்றில் தாடை உடைந்தது.
உடைந்ததைக் கடித்துக்கொண்டே மிச்சத்தையும் நின்றான்.
ஒரே ஒரு புள்ளியில் நாலாவது பட்டம்.
ஆறு வாரம் வாயைக் கம்பியால் கட்டிவிட்டார்கள்.
புகோமில் அலைச்சத்தம் கேட்டதென்று பேச்சு.

ஒரு விடியலில் சந்தைக்கு வந்து
என் தட்டில் குண்டுகளைக் கொட்டினான்.
ஆறே முக்கால் ராத்தல்.
சிகரெட் அட்டையில் எழுதி நீட்டினான்:
"அடுத்த பிரிவுக்கு இது போதாது."

போதவில்லைதான்.
லண்டனில் இரண்டாம் சுற்றோடு முடிந்தது.
வானொலிக்காரர் அவன் பேரைத் தப்பாக உச்சரித்தார்,
ஒன்றிலிருந்து பத்துவரை மட்டும்
சுத்தமாக எண்ணினார்.

டேடேயின் தட்டை அந்த வாரமே திருப்பிக் கொடுத்தேன்.
ஏனென்று அவள் கேட்கவில்லை.
கேட்காமலே இரண்டு சாளை கூடப் போட்டாள்,
நிறுக்காமல்.

சேவல் இன்னும் இருக்கிறது.
குருட்டுக் கண் எந்தப் பக்கம் திரும்பினாலும்
நடுச்சாமத்திலேயே விடிந்துவிட்டதென்று கத்தும்.
ஷோர்மே எழுந்துபோய் அதட்டுவாள்.
நான் படுத்தபடியே
கத்தட்டும் விடு என்பேன்.